சின்ன 4×4 வாங்கப் போகிறீர்களா? குதிரைத்திறனைப் பிறகு பார்க்கலாம்

50 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று சேற்று வயலில் கேஜ்வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உழும். 100 குதிரைத்திறன் உள்ள காரை அதே வயலில் இறக்கினால் பத்தடி போகாது. சக்கரமும் டயரும் ஒரு காரணம்தான். இன்னொரு முக்கியமான காரணம் கியர். டிராக்டர் ஓட்டுகிறவரைக் கேளுங்கள், லோ, ஹை என்று தனியாக ஒரு லீவர் இருப்பதைக் காட்டுவார். அதை லோவில் போட்டால் வேகம் செத்துப்போகும், இழுவை பல மடங்கு ஏறும். மலைப்பாதைக்கும் மணலுக்கும் என்று செய்யப்படும், நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன 4×4 வண்டிகளில் இருக்கிற சூட்சுமமும் இதுதான்.

ஷோரூமில் யாரும் இதிலிருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. பெட்ரோலா டீசலா, எத்தனை பிஎச்பி (அதாவது குதிரைத்திறன்), மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கும் பதில் வேண்டும்தான். ஆனால் கியர் கணக்கு புரியாமல் அவற்றுக்குப் பதில் சொன்னால் பாதி தப்பாகிவிடும். அதனால் முதலில் கணக்கு.

இன்ஜின் தன் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதுதான் முறுக்குவிசை. ஷோரூம் பேச்சில் டார்க். அளவு நியூட்டன் மீட்டர். அதே திருகலை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதற்குக் குதிரைத்திறன் வேண்டும். பாறை மேல் முன்சக்கரத்தை ஏற்றுவதற்குச் சக்கரத்தில் திருகல் வேண்டும், அதுவும் நடக்கிற வேகத்தில். இன்ஜினில் இருக்கும் திருகல் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. நடுவில் உள்ள கியர்கள் அதைப் பெருக்குகின்றன. எத்தனை மடங்கு பெருக்குகின்றனவோ, அத்தனை மடங்கு வேகம் குறையும். இரண்டும் சேர்ந்துதான் வரும்.

மாருதி சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் மாதம் இந்தியாவில் ஐந்து கதவுகளோடு விற்பனைக்கு வந்தது. 1,462 சிசி, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின், 134 நியூட்டன் மீட்டர். இந்தக் காலத்தில் இது பெரிய எண்ணே இல்லை, சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றில் இதைவிட அதிகம் உண்டு. இப்போது பெருக்கலைப் பாருங்கள். மேனுவல் ஜிம்னியில் முதல் கியர் 4.425 மடங்கு. பின்னால் இருக்கும் டிஃப்ரென்ஷியல், அதாவது திருகலை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்த்தொகுதி, 4.09 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 18. லோ ரேஞ்சில் போட்டால் இன்னொரு 2 மடங்கு சேர்ந்து 36. ஆக இன்ஜின் 36 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும், திருகல் 36 மடங்காகும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்ப்போம். நாலு பேர் உட்கார்ந்த ஜிம்னி ஏறக்குறைய 1,500 கிலோ. 30 டிகிரி சரிவில் அது நிற்கிறது. (30 டிகிரி என்பது கண்ணாடி வழியே வானம் மட்டும் தெரியும் அளவுக்குச் செங்குத்து. எந்த மலைச்சாலையிலும் இப்படி இருக்காது.) அதில் நழுவாமல் நிற்கவே 750 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை தேவை. சாதாரண முதல் கியரில், இன்ஜின் தன் முழு டார்க்கையும் கொடுத்தாலும், சக்கரத்தில் கிடைப்பது சுமார் 715 கிலோ. ஏறாது, அவ்வளவுதான். லோவில் போட்டால் 1,430 கிலோ. உராய்வில் போவதைக் கழித்தாலும் தாராளமாக மிச்சம் இருக்கும். அதே இன்ஜின், அதே டயர், அதே ஓட்டுநர். மாறியது ஒரு லீவர்.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். ஜிம்னியின் டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். லோவில் முதல் கியர், 1,000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று) என்றால் மணிக்கு 3.6 கி.மீ. பேசிக்கொண்டே நடக்கிறவரின் வேகம். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி இந்த வேகத்தில் ஊர்ந்து ஏறும், கல்லில் உட்காரும், இறங்கும். எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் என்று பார்த்துத் திருப்ப நேரம் இருக்கும். வேகமாக அடித்து ஏற்றுவதில்தான் இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் உடைவதும் ஆக்சில் வளைவதும்.

இன்ஜின் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? ஜப்பானில் உள்ளூர்ச் சந்தைக்கு விற்கும் ஜிம்னியில் இருப்பது 658 சிசி டர்போ இன்ஜின். டார்க் வெறும் 96. சிசி கணக்கில் நம்மூர் ஜிம்னியில் பாதிகூட இல்லாத இன்ஜின். ஆனால் அதன் கியர்கள் சேர்ந்து ஏறக்குறைய 50 மடங்கு பெருக்குகின்றன. 96 × 50, 134 × 36, இரண்டையும் போட்டுப் பாருங்கள்: 4,800, 4,824. சக்கரத்தில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான்! 1970-இல் வந்த முதல் ஜிம்னியில் இன்ஜின் 359 சிசி, அதுவும் டூ-ஸ்ட்ரோக். நம் சாலையில் ஓடும் சில புல்லட்டுகளில் அதைவிடப் பெரிய இன்ஜின் உண்டு.

அதனால் என் முதல் விதி: லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இன்ஜினைப் பற்றிப் பேச வேண்டும். இதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் வெளித்தோற்றத்தில் தெரியாது. மஹிந்திரா தார் வண்டியில் 4×4 உண்டு, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் உண்டு. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பின்சக்கர வகையில் லோவும் கிடையாது, நாலு சக்கர இழுவையும் கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் 4×4 டீசலில் மட்டும்தான். பெட்ரோல் எடுத்தால் பின்சக்கரம் மட்டும். முன்பதிவுப் பணம் கட்டியபிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனையான விஷயம்.

இன்னொரு வகை, நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் லோவுக்குத் தனி கியர்ப்பெட்டி இல்லை. ஜீப் கம்பாஸ் இப்படி. அதன் டிரெயில்ஹாக் வகையில் ஆட்டோமேட்டிக் பெட்டியின் முதல் கியரின் பெருக்கலையே அதிகமாக வைத்து மொத்தம் 20 மடங்கு வரும்படி செய்தார்கள். டீசல் இன்ஜின் 350 நியூட்டன் மீட்டர் என்பதால் 20 மடங்கிலும் இழுவைக்குக் குறைவில்லை. குறை வேகத்தில்: ஜிம்னி 3.6-இல் ஊர்கிற இடத்தில் இது 6, 7 கி.மீ. வேகத்தில் போகும். மண் பாதைக்கும் ஈரப் புல்வெளிக்கும் போதும். கல் படிக்கட்டு மாதிரி இருக்கும் பாதையில் பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் போக வேண்டியிருக்கும்.

சரி, லோ இருக்கிறது. இனி எந்த இன்ஜின்?

பழைய காலத்தில் இதற்கு ஒரே பதில் டீசல்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமார் 7,900 அடி உயரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம். இடம் தேனி மாவட்டம், ஆனால் ஜீப் பாதை கேரளப் பக்கத்திலிருந்து. பாதை முழுக்க உருட்டுக்கல். விடியற்காலை இருட்டில் பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகள் வரிசையாக முனகிக்கொண்டு ஏறும். டீசல் குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல டார்க் கொடுக்கும், சட்டென்று அணைந்துபோகாது. பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் போட்டுவிடுவார். மறுபக்கம் மாருதி ஜிப்ஸி 1985 முதல் பெட்ரோலிலேயே ஓடி ராணுவத்திலும் காட்டிலாகாவிலும் பேர் வாங்கியது, காரணம் அதன் எடை. வண்டி லேசானால் இன்ஜின் சின்னதாக இருக்கலாம்.

இப்போது டர்போ பெட்ரோல் வந்து இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. 2020 அக்டோபரில் வந்த தாரில் 2.2 லிட்டர் டீசல் மேனுவல் 300 நியூட்டன் மீட்டர் தருவது 1,600 ஆர்பிஎம்மில். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் அதே 300-ஐ 1,250-இலேயே தருகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியோடு வந்தால் 320. குதிரைத்திறனிலும் பெட்ரோல் முன்னால், 150 பிஎச்பி. ஆக, குறைந்த வேக இழுவைக்கு டீசல்தான் என்ற வாதம் இந்த வண்டியைப் பொறுத்தவரை முடிந்துபோனது. பெட்ரோலின் குறை பங்க்கில் தெரியும். லோவில் ஊர்ந்துகொண்டே ஒரு நாள் போனால் டர்போ பெட்ரோல் குடிக்கிற குடிக்கு மைலேஜ் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும். பங்க் தூரமாக இருக்கும் ஊர்களில் டீசலின் அருமை அங்கேதான்.

டீசலுக்கும் ஒரு புதிய தலைவலி உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று டீசல் கார்களின் புகைக்குழாயில் இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது சூடாக்கி எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மாலையில் காய்கறி வாங்கி, மொத்தமே ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு செலவு. வாரம் ஒருமுறையாவது பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுகிறவர் மட்டும் டீசல் எடுப்பது நல்லது.

டர்போ இல்லாத பெட்ரோலுக்கு எதிரி உயரம். மேலே போகப் போகக் காற்று லேசாகும். டர்போ இல்லாத இன்ஜின் அந்தக் காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும். கொழுக்குமலை உயரத்தில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு காற்றுதான் கிடைக்கும், ஜிம்னியின் 134 அங்கே 100 ஆகிவிடும். லடாக்கின் கர்துங் லாவில், 5,300 மீட்டருக்கு மேல், பாதிதான். டர்போ இருந்தால் காற்றை அழுத்தித் தள்ளி இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டும். நம் மேற்குத்தொடர்ச்சி மலை அளவுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயமில்லை, லோ இருக்கவே இருக்கிறது. ஆண்டுதோறும் இமயமலைக்குப் போகிறவர் யோசிக்கலாம். எளிமையிலும் நீண்ட ஆயுளிலும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஈடில்லை என்பது என் கட்சி. ஆனால் ஜிம்னி மேனுவல் ஐந்தாம் கியரில் 100 கி.மீ. வேகத்தில் 3,100 ஆர்பிஎம் சுற்றும். சென்னையிலிருந்து திருச்சி வரை அந்தச் சத்தத்தோடு போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் ஒரு வரி விவகாரம். இந்தியாவில் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள் அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. பின்சக்கர தாரில் 1.5 லிட்டர் டீசல் இருப்பதற்குக் காரணம் காடு மலை இல்லை, இதுதான். ஜிம்னி நீளத்தில் 3,985 மில்லிமீட்டர் என்று உள்ளே அடங்கினாலும் இன்ஜினில் தோற்றுவிட்டது. அந்த அளவுக்கு விலை ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதிலில் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

அப்புறம் கியர்பாக்ஸ். இதில்தான் சண்டை அதிகம். மேனுவல் இல்லாத 4×4 ஒரு 4×4-ஆ என்று மீசை முறுக்குகிறவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேனுவலில் லோ முதல் கியர் போட்டு, கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடலாம். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எல்லாமே இரும்போடு இரும்பாகப் பற்களால் பிணைந்திருக்கும். ஏறும்போது சரி, இறங்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும். வண்டி இன்ஜினைத் தள்ளும், இன்ஜின் தள்ளவிடாது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். புதிதாக ஓட்டுகிறவர் கெடுத்துக்கொள்வது ஹாஃப் கிளட்ச்சில். மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்த கிளட்ச்சைப் பாதி மிதித்து உறுமவிடுவார்கள். சில நிமிடங்களில் கருகிய வாடை வரும். காட்டு நடுவில் கிளட்ச் பிளேட் போனால் கயிறு கட்டி இழுப்பதைத் தவிர வழியில்லை.

ஆட்டோமேட்டிக் என்று நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வகையை. இங்கே கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் நிரம்பிய ஒரு டப்பா. ஒரு பக்கம் இன்ஜின் விசிறி எண்ணெயை வீசுகிறது, அந்த வீச்சில் மறுபக்கத்து விசிறி சுற்றுகிறது. வண்டி நின்றுகொண்டே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இது டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.875 மட்டுமே, லோவில் மொத்தப் பெருக்கல் சுமார் 25. மேனுவலின் 36-க்கு முன்னால் சோப்ளாங்கியாகத் தெரிந்தாலும், கிளம்பும் கணத்தில் கன்வெர்ட்டர் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். மேட்டின் நடுவில் நின்று மீண்டும் கிளம்புவது மேனுவலில் ஒரு வித்தை, இங்கே கால் அழுத்தம் மட்டும். கல்லில் ஏறும்போது இடது காலைப் பிரேக்கில் லேசாக வைத்து, வலது காலால் கொஞ்சம் கொஞ்சமாக எரிபொருள் கொடுத்தால் அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். மணலில் இன்னும் நல்லது, ஏனென்றால் கியர் மாற்றும் அந்த அரை விநாடியில்தான் மேனுவல் வண்டி வேகம் இழந்து புதையும்.

ஆனால் இறங்கும்போது கன்வெர்ட்டர் எதையும் பெருக்காது. மிஞ்சுவது 25 மடங்குதான், அதுவும் எண்ணெய் வழியாகக் கொஞ்சம் நழுவும். அதே 1,000 ஆர்பிஎம்மில் ஆட்டோமேட்டிக் ஜிம்னி மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் போகும். செங்குத்தான இறக்கத்தில் கியர் லீவரை ‘L’ என்ற இடத்தில் வைத்து, ஹில் டிசென்ட் பட்டனையும் போட்டுக்கொள்ள வேண்டும். அது நாலு சக்கரப் பிரேக்கையும் தானாக விட்டு விட்டுப் பிடிக்கும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறும். இன்னொன்று: ஆட்டோமேட்டிக்கின் எண்ணெயும் சூடேறக் கூடியது. லோவில் போட வேண்டிய பாதையில் சோம்பேறித்தனமாக ஹையிலேயே உறுமிக்கொண்டு போனால் கன்வெர்ட்டர் நழுவி நழுவி எண்ணெயைக் கொதிக்கவைக்கும். மெதுவாகப் போகிற இடமெல்லாம் லோவில்தான்.

நகர கார்களில் வரும் மற்ற ஆட்டோமேட்டிக்குகள் இந்த வேலைக்கு வேண்டாம். ஏஎம்டி என்பது மேனுவல் கிளட்ச்சை இயந்திரம் மிதிப்பது. மேட்டில் பின்னால் நழுவும், தயங்கும். இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் ஊர்ந்துபோனால் சூடாகி எச்சரிக்கை காட்டும். பெல்ட்டில் ஓடும் சிவிடி மண் பாதைக்குச் சரி, அதற்கு மேல் இல்லை.

எத்தனை டார்க் இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண டிஃப்ரென்ஷியல் எல்லாவற்றையும் அந்தத் தொங்கும் சக்கரத்துக்கே அனுப்பிவிடும். அதைத் தடுக்க ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னாலும் பின்னாலும், இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக் உண்டு. 2.6 லிட்டர் டீசல், 320 நியூட்டன் மீட்டர், மேனுவல் மட்டும். ஜிம்னி, சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்றதற்குத் திருகலை அனுப்பும். சற்று மெதுவாகத்தான், ஆனாலும் நடக்கும். ஜிம்னி, தார், கூர்க்கா மூன்று வண்டியிலுமே 4×4-ஐக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைக்கக் கூடாது; முன் பின் ஆக்சில்கள் இறுக்கிக்கொண்டு ஏதாவது ஒன்று உடையும்.

என்னைக் கேட்டால், வாரநாளில் ஊருக்குள், மாதத்துக்கு ஒருமுறை தோட்டம் காடு என்றிருப்பவருக்கு டர்போ இல்லாத சின்ன பெட்ரோலும் மேனுவலும் போதும். தினமும் டிராஃபிக்கில் மாட்டுகிறவர் வெட்கப்படாமல் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம். நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமும் பாரமும் உள்ளவருக்கு டீசல் ஆட்டோமேட்டிக். டர்போ பெட்ரோல் தார் ஓட்டுவதற்குச் சந்தோஷமான வண்டிதான், எரிபொருள் பில்லை வேறு யாராவது கட்டினால்.

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது ஷோரூம்காரர் பைபாஸில் ஏற்றி வேகம் காட்டுவார். அதை முடித்துவிட்டு, பக்கத்தில் உள்ள மண் மேடு ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோவுக்கு மாற்றுங்கள். லீவர் முரண்டுபிடித்தால் வண்டியை ஓரடி உருட்டி மறுபடி போட்டால் விழும், பழுதில்லை. மேட்டில் பாதியில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். உச்சியிலிருந்து இறங்கும்போது முதல் கியரில் வைத்து, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறதா, எந்த வேகத்தில், உங்கள் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறதா இல்லையா என்று கவனியுங்கள். மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் அதே மேட்டில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பதிவுப் பணத்தைக் கட்டுங்கள்.